கூடைக்குள் ஒளித்த பிஸ்கட்

அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த வருடம், டாக்டர் பத்து கிலோ குறைக்கச் சொன்னார். ராத்திரிக்கு ரெண்டு சப்பாத்தி என்று அம்மா ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். எங்களுக்கு வழக்கம்போல நெய் ரோஸ்ட். அதையும் அவள்தான் சுட வேண்டும். "ஒண்ணு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதும்மா" என்று தட்டை நீட்டியவன் நான். பாசமாகத்தான் நீட்டினேன். மூன்று மாதத்தில் கணக்கு காணாமல் போனது.

ஜீன் நைடெட்சைப் பற்றிப் படிக்கும்போது அந்தத் தட்டுதான் ஞாபகம் வந்தது.

1961, நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதி. ஜீனுக்கு இரண்டு பையன்கள், கணவர் மார்ட்டி பஸ் டிரைவர். எடை 214 பவுண்டு, அதாவது 97 கிலோ. சூப்பர்மார்க்கெட்டில் தெரிந்த பெண் ஒருத்தி, பார்க்க நன்றாக இருக்கிறாய் என்று சொல்லிவிட்டு, பிரசவம் எப்போது என்று கேட்டிருக்கிறாள். ஜீன் கர்ப்பமாகவே இல்லை!

நகரச் சுகாதாரத் துறை நடத்திய உடல் பருமன் கிளினிக்குக்குப் போனார். உணவுப் பட்டியல் கொடுத்தார்கள். எடை இறங்கியது. ஆனால் ஒரு ரகசியம் உறுத்திக்கொண்டே இருந்தது. குளியலறையின் அழுக்குத்துணிக் கூடைக்குள் சாக்லேட் பிஸ்கட்டை ஒளித்துவைத்துத் தின்றுகொண்டிருந்தார். கிளினிக்கில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. குண்டாக இருந்த ஆறு தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டு அவர்களிடம் சொன்னார். அவர்களிடமும் ஆளுக்கொரு ஒளிப்பிடம் இருந்தது. அடுத்தடுத்த வாரங்களில் கூட்டம் பெருகியது. 1962 இறுதிக்குள் ஜீன் 72 பவுண்டு குறைத்திருந்தார். 1963-ல் வெயிட் வாட்சர்ஸ் நிறுவனம் பிறந்தது. 1978-ல் அதை ஹைன்ஸ் வாங்கியது, ஆமாம், அந்தத் தக்காளி கெச்சப் கம்பெனிதான்.

பிசினஸ் கதை இருக்கட்டும். ஒரு பெண் தன் பசியைப் பற்றி உண்மை பேச வீட்டுக்காரர்களை விட்டுவிட்டுத் தோழிகளைத் தேடியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதைப் பிறகு வேறொருவர் கவனித்தார். ரிச்சர்ட் ஸ்டூவர்ட் என்ற உளவியல் ஆய்வாளர், எடை குறைக்க முயன்ற பெண்களும் கணவர்களும் சாப்பாட்டு மேசையில் பேசியதை ஒலிப்பதிவு செய்தார். பார்பரா டேவிஸுடன் சேர்ந்து 1972-ல் எழுதிய புத்தகத்தில் அது வருகிறது. சாப்பாட்டுப் பேச்சை அதிகம் எடுத்தது கணவர்கள். இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்று நீட்டியதும் அவர்களே. மனைவி சாப்பிடுவதைப் பாராட்டியதைவிடக் குறை சொன்னது பல மடங்கு. ஸ்டூவர்ட் பின்னாளில் வெயிட் வாட்சர்ஸிலேயே உளவியல் ஆலோசனைக்குப் பொறுப்பேற்றார்.

அப்புறம் கணவர்களையும் பயிற்சிக்குக் கூட்டி வந்து பார்த்தார்கள். 1978-ல் கெல்லி பிரவுனெல் குழுவின் ஆய்வில், கணவன் மனைவி இருவரும் பயிற்சி பெற்ற இடத்தில் எடை நன்றாகவே குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் அதே பலன் எப்போதும் கிடைக்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்தவர் எல்லோரும் வீட்டில் தட்டை நீட்டாமல் இருந்துவிடுவார்களா என்ன? மார்ட்டி விஷயம் வேறு. மனைவியைப் பார்த்து அவரும் நிறையக் குறைத்தார். ஆனாலும் 1970-களின் தொடக்கத்தில் இருவரும் பிரிந்துவிட்டார்கள்.

போன வாரம் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அது சரி, அவ கூட்டத்துக்குப் போன அன்னிக்கு அவ வீட்ல யாருடா சமைச்சா?"