செத்த யானையின் விலை

யானை செத்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். விண்டோஸ் எக்ஸ்பி அந்த ஜாதி. 2001 அக்டோபரில் பிறந்தது. 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டே கைகழுவிவிட்டது. 2020 செப்டம்பரில் பார்த்தால், அதன் மூல நிரலில் பெரும்பகுதி இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது!

பழைய குப்பைதானே, போனால் போகட்டுமே? அங்கேதான் சிக்கல். பின்னால் வந்த விண்டோஸ் எல்லாம் அந்த அஸ்திவாரத்தின்மேல் எழுப்பிய மாடிகள். கீழ்த்தளத்து வரைபடம் இப்போது கண்டவன் கையில்.

சும்மா பயமுறுத்தவில்லை. 2004 பிப்ரவரியில் விண்டோஸ் 2000, என்.டி. 4 இரண்டின் நிரலும் கொஞ்சம் கசிந்தது. சில நாள்தான். அதைப் படித்த ஒருவர் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5இல் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். வில்லங்கமாகத் தயாரித்த ஒரு படக் கோப்பு போதும், உள்ளே நுழைந்துவிடலாம்.

திருடனுக்கு லாபம், சரி. நல்லவனுக்கு? விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓடவைக்கும் ‘வைன்’ என்றொரு இலவசத் திட்டம். 1993லிருந்து பாடுபடுகிறார்கள். இந்த நிரல் அவர்களுக்குப் புதையல் அல்லவா? ம்ஹும். காப்புரிமை வழக்கு வந்துவிடுமே! மைக்ரோசாஃப்ட் நிரலைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அங்கே இடமே இல்லை.