சுடாமல் நின்றவர்கள்

வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பட்டாளத்துக்காரர் இல்லாத தெரு கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே ரெஜிமென்ட் பெயரைப் போடுவது இங்கே சாதாரணம். என் சித்தப்பா பையனும் ஆள்சேர்ப்புக்குத் தயாராகிறான். காலையில் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஸ்டாப்வாட்ச் பிடிப்பது என் வேலை. ஒருநாள் ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

“அண்ணா, நம்ம ஆளுங்க மேலயே சுடச் சொன்னா இன்னா பண்றது?”

வரலாறு படிப்பவன் என்ற கெத்தில் உடனே ஒரு கதை சொன்னேன். சந்திர சிங் கட்வாலியின் கதை. அன்று வீட்டுக்கு வந்த பிறகுதான், கதையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. அந்த மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதல் பாதி இது. 1930 ஏப்ரல் 23, பெஷாவர், கிஸ்ஸா குவானி பஜார். உப்புச் சத்தியாகிரகம் நாடெங்கும் நடந்துகொண்டிருந்த நேரம். எல்லைப்புறத்தில் அப்துல் கஃபார் கான் தொடங்கிய குதாயி கித்மத்கார் இயக்கம் வேர்விட்டிருந்தது. பழிக்குப் பழி என்பதை மானமாக நினைத்த பட்டாணியர்கள், ஆயுதம் எடுப்பதில்லை என்று சத்தியம் செய்து சேர்ந்த இயக்கம் அது. தலைவர்கள் கைதானதைக் கேட்டு பஜாரில் கூட்டம் கூடியது. கவச வண்டிகள் கூட்டத்துக்குள் பாய்ந்தன, ஆட்கள் நசுங்கினார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த ராணுவத் தூதர் ஒருவர் கொல்லப்பட்டார். ஒரு கவச வண்டி எரிந்தது. துப்பாக்கிகள் வெடித்தன. அன்று செத்தவர்கள் அரசின் கணக்கில் சில பத்துப் பேர், மக்களின் கணக்கில் சில நூறு பேர்.

அந்தக் கூட்டத்தின் முன்னால் நிறுத்தப்பட்டவர்களில் 18ஆவது ராயல் கட்வால் ரைஃபிள்ஸின் இரண்டாவது பட்டாலியனும் இருந்தது. சுடும்படி உத்தரவு வந்தது. ஹவில்தார் சந்திர சிங் தன் ஆட்களிடம் சுடாதே என்றார். இரண்டு பிளாட்டூன்கள் துப்பாக்கியை இறக்கிவிட்டன.

இவர்கள் பயந்தாங்கொள்ளிகள் இல்லை. முதல் உலகப்போரில் பிரான்சின் சேற்றில் நின்று இரண்டு விக்டோரியா கிராஸ் வாங்கிய படை அது. ‘ராயல்’ என்ற பட்டமே அந்தப் போருக்குப் பரிசாக 1921இல் கிடைத்தது. சந்திர சிங்கும் பிரான்சிலும் மெசபடோமியாவிலும் சண்டை போட்டவர். சுடத் தெரிந்தவர்தான் சுடமாட்டேன் என்றார்.

இதற்குப் பதினொரு வருடம் முன்னால் ஜாலியன்வாலா பாக். டயர் உத்தரவிட்டதும் 50 சிப்பாய்கள் பத்து நிமிடத்தில் 1,650 ரவுண்டு சுட்டார்கள். அவர்களும் இந்தத் துணைக்கண்டத்துச் சிப்பாய்கள்தான். டயரின் பெயர் நமக்கு மனப்பாடம். அந்த ஐம்பது பேரில் ஒருவர் பெயராவது யாருக்காவது தெரியுமா? உத்தரவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடிகிறது என்பதும் பட்டாளத்தின் ஒரு வசதி.

கட்வால் வீரர்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. 17 பேர் ராணுவ நீதிமன்றத்தில் நின்றார்கள். பாரிஸ்டர் முகுந்தி லால் வாதாடினார். மரண தண்டனை விழவில்லை. சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை. அவர் வெளியே வந்தது 1941இல்.

இதுவரை தம்பிக்குச் சொன்னது. இனி சொல்லாமல் விட்டது.

1931 மார்ச்சில் காந்தி–இர்வின் ஒப்பந்தம் வந்தது. சத்தியாகிரகக் கைதிகளுக்கு விடுதலை. ஆனால், உத்தரவை மீறியதற்காகத் தண்டனை பெற்ற சிப்பாய்களும் போலீசாரும் இதில் சேரமாட்டார்கள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அகிம்சைப் போராளிகளைச் சுடமாட்டேன் என்றவரை, அகிம்சைக்காரர்களின் ஒப்பந்தமே உள்ளே விட்டுவிட்டது. அதே வருடம் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போயிருந்த காந்தியிடம் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் இதைக் கேட்டார். காந்தி மழுப்பவில்லை. சுடச் சொல்லியும் சுடாத சிப்பாய் தான் எடுத்த உறுதிமொழியை மீறிய குற்றவாளி என்றார். இன்று அவர்களை மீறச் சொன்னால், நாளை நான் ஆட்சியில் இருக்கும்போதும் அவர்கள் அதையே செய்வார்களே என்பது அவருடைய பயம்.

முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இவர் காந்தியா, கமாண்டரா?

கோபம் தணிந்தபின் யோசித்தேன். ஒரு ஊரில் கலவரம். தாக்கப்படுகிறவர்களைக் காப்பாற்றப் படை போகிறது. தாக்குகிற கும்பலில் சிப்பாயின் சாதிக்காரர்கள் நிற்கிறார்கள். அவன் துப்பாக்கியை இறக்கி, என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்கிறான். இப்போது அந்த மறுப்புக்கு யார் செத்தார்கள்? காந்தியின் பயம் சும்மா இல்லை. ஒழுங்கு என்பது சிப்பாயைப் பொம்மையாக்குவது மட்டும் இல்லை. துப்பாக்கி, அதைப் பிடித்திருப்பவனின் சொந்த விருப்புவெறுப்புக்குப் போய்விடாமல் தடுப்பதும் அதுதான்.

அப்படியானால் மனசாட்சியையும் சொந்தபந்தத்தையும் எப்படிப் பிரிப்பது? இங்கேதான் கட்வாலி எனக்குத் திரும்பவும் தேவைப்பட்டார். அவருக்கு முன்னால் நின்றவர்கள் அவர் ஆட்கள் இல்லை. அவர் இமயமலை அடிவாரத்து இந்து. அவர்கள் பஷ்தூ பேசும் முஸ்லிம்கள். உறவு கிடையாது, மொழி கிடையாது. முஸ்லிம் கூட்டத்துக்கு எதிரே இந்துப் படை என்பதே அங்கிருந்த ஏற்பாடு. அந்தக் கணக்குத்தான் தப்பாகிப் போனது. அவர் பார்த்தது கூட்டத்தின் கையில் துப்பாக்கி இல்லை என்பதை. அதோடு, தன் துப்பாக்கியை அவர் அதிகாரிகள் பக்கம் திருப்பவும் இல்லை. மறுத்தார், விலையைத் தானே கொடுத்தார்.

என் பெரியப்பா இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ் போட்டு ஹவில்தாராக வந்தவர். அவரிடம் காந்தி, கட்வாலி இரண்டு பேரையும் சொல்லி, யார் சரி என்று கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

“ஆர்டர்னா ஆர்டர்தான்டா. அங்க நின்னு யோசிச்சினு இருந்தா பக்கத்துல இருக்கறவன் செத்துடுவான். ஆனா வெறுங்கையா நிக்கறவன சுட்டுட்டு வந்து எவனும் நிம்மதியா தூங்க மாட்டான். ரெண்டும் நெஜம்தான். எனக்கு அப்படி ஒரு நாள் வரல. வராம போனது நான் செஞ்ச புண்ணியம்.”

சட்டம் இப்போது கொஞ்சம் உதவுகிறது. 1950இன் ராணுவச் சட்டம், 41ஆவது பிரிவு, மேலதிகாரியின் ‘சட்டபூர்வமான’ கட்டளையை மீறுவதைத்தான் குற்றம் என்கிறது. அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நியூரம்பர்க் விசாரணைகளுக்குப் பிறகு வகுத்த கோட்பாடும், வேறு வழி உண்மையிலேயே இருந்திருந்தால் மேலிடத்து உத்தரவு என்பது தப்பிக்கும் வழியாகாது என்கிறது. ஆனால் சட்டம் விசாரணையின்போதுதான் வரும். பஜாரில் இருப்பது சில நொடிகள், விசையில் ஒரு விரல்.

கட்வாலி 1979இல் இறந்தார். 1994இல் அரசு தபால்தலை வெளியிட்டது.

மறுநாள் காலையும் ஓட்டம் இருந்தது. விட்டுப்போன பாதியைத் தம்பிக்குச் சொன்னேன். அவனுக்கும் காந்தி மேல் கோபம் வந்தது. “அப்ப நான் இன்னாதான் பண்ணணும்?” என்றான்.

“நேத்து நீ நம்ம ஆளுங்க மேல சுடச் சொன்னான்னு கேட்ட. அத விடு. யாரோ எவரோ, கையில ஒண்ணும் இல்லாம நிக்கறான். அவன சுடச் சொன்னா இன்னா பண்ணுவ? அத யோசி.”

அவன் பதில் சொல்லவில்லை. ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினான். நான் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன்.