எளியோர் செய்த பேருதவி
(பிஷப் ஆக்லாந்து கால்பந்துக் கழக வரலாறு)

செல்வம் படைத்தோர் எளியோருக்கு உதவுவதை உலகம் நன்கறியும். எளியோர் பெரியோருக்கு உதவிய செய்திகளோ ஏடுகளில் அதிகம் இடம்பெறுவதில்லை. இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் மாவட்டத்தில் அமைந்துள்ள பிஷப் ஆக்லாந்து என்னும் சிறு நகரின் கால்பந்துக் கழகம் அத்தகைய வரலாறு ஒன்றுக்கு உரியதாகும்.

நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்திருந்த ஊர் இது. இங்குள்ள ஆக்லாந்து மாளிகைக்கு இறையியல் கற்க வந்த ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் 1880களில் இவ்வூரில் கால்பந்தாட்டத்தை வேரூன்றச் செய்தனர். அவ்விரு பல்கலைக்கழகங்களின் கருநீலமும் இளநீலமுமே கழகத்தின் நிறங்களாயின.

இக்கழகம் தொழில்முறை லீக்கில் இடம்பெற்றதில்லை. அக்காலத்தில் இதன் ஆட்டக்காரர்கள் ஊதியம் பெறாதவர்கள். பிழைப்புக்கு வேறு தொழில் செய்துகொண்டே விளையாடியவர்கள். அத்தகையோருக்கென நடத்தப்பட்ட அமெச்சூர் கோப்பையின் இறுதியாட்டத்தை இக்கழகம் 18 முறை எட்டி, 10 முறை வென்றது. 1974இல் முடிவுற்ற அப்போட்டியில் வேறெந்தக் கழகமும் இச்சாதனையை எட்டவில்லை. 1954இல் அருகிலுள்ள குரூக் டவுன் கழகத்துடன் மோதிய இறுதியாட்டத்தைக் காண லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஒரு லட்சம் பேர் கூடினர். இருமுறை சமநிலையில் முடிந்து, மூன்றாவது ஆட்டத்தில் பிஷப் ஆக்லாந்து தோற்றது. எனினும் மனந்தளராது 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து கோப்பையைக் கைப்பற்றியது.

1958 பிப்ரவரி 6ஆம் நாள் ஜெர்மனியின் மியூனிக் நகரில் நேர்ந்த விமான விபத்தில் 23 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் எண்மர் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள். ஆட்களின்றித் தவித்த அப்பெருங்கழகத்திற்குக் கைகொடுக்க பிஷப் ஆக்லாந்தின் பாப் ஹார்டிஸ்டி, டெரெக் லூயின், வாரன் பிராட்லி ஆகிய மூவர் முன்வந்தனர். 1948 ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணிக்குப் பயிற்சியளித்த மாட் பஸ்பிதான் மான்செஸ்டர் யுனைடெட்டின் மேலாளர். அவ்வணியில் ஆடியவர் ஹார்டிஸ்டி. தமது 37ஆம் வயதில் அவர் மான்செஸ்டரின் இரண்டாம் நிலை அணிக்குத் துணை நின்றார். ஆசிரியரான பிராட்லியோ அங்கேயே நிலைபெற்று, 1959இல் இங்கிலாந்து அணிக்காகவும் ஆடினார்.

காலம் உருண்டோடியது. 1996இல், ஆட்டத்தில் காயமுற்றதற்காக இழப்பீடு கோரித் தொடரப்பட்ட வழக்கினால் பிஷப் ஆக்லாந்து கழகம் மூடப்படும் நிலைக்கு உள்ளாயிற்று. அப்பொழுது மான்செஸ்டர் யுனைடெட் நிதி திரட்டுவதற்காக நட்பு ஆட்டம் ஒன்றை ஆடி, பழைய கடனைத் தீர்த்தது. முப்பத்தெட்டு ஆண்டுகள் கடந்தும் அந்த நன்றி மறக்கப்படவில்லை.

சோதனை அத்துடன் தீரவில்லை. 2001இல் கிங்ஸ்வே மைதானத்தை விட்டு நீங்கிய கழகம், 2010இல் ஹெரிடேஜ் பார்க் என்னும் சொந்த மைதானத்தை அடையும் வரை அண்டை ஊர்க் கழகங்களின் மைதானங்களில் ஆடியே காலந்தள்ளிற்று. ஒரு காலத்தில் களத்தில் எதிர்த்து நின்ற ஊர்களே இடங்கொடுத்து ஆதரித்தன.

கோப்பைகளின் எண்ணிக்கை இக்கழகத்தின் பெருமைக்குச் சான்று. ஆனால் இடுக்கண் வந்த வேளையில் இதனைக் காத்தவை கோப்பைகள் அல்ல. பிறர் துயரில் இது நீட்டிய கையும், அதனை மறவாதோர் திருப்பி நீட்டிய கையுமே ஆகும். பொது அமைப்பு எதுவாயினும் அது தலைமுறை கடந்து நிலைப்பது இவ்வாறுதான்.