பேறுகால விடுப்பு யாரும் போட்ட பிச்சை அல்ல

"பொம்பளைங்க குழந்தை பொறந்தா வேலைய விட்டு நின்னுடுவாங்க." கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஆள் எடுப்பவர்கள் வழக்கமாகச் சொல்வது இது. நிற்கிறார்களா, நிறுத்தப்படுகிறார்களா?

1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பிரசவத்துக்கு முன்பு 6 வாரம், பின்பு 6 வாரம் விடுப்பு வேண்டும் என்றது. காலனி அரசு அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. 1928இல் பம்பாய் சட்டசபைக்கு மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலன். ஆகவே செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும். அதற்காக, பெண்ணின் உழைப்பில் லாபம் பார்க்கும் முதலாளி கைகழுவிவிட முடியாது. இதுதான் அவர் வாதம். மறுவருடமே பம்பாயில் சட்டம் வந்தது. 1934இல் சென்னை மாகாணமும் சட்டம் இயற்றியது.

செலவு முழுவதும் ஒரு முதலாளி தலையில் விழுந்தால் அவர் பெண்களையே எடுக்க மாட்டார். 1948இல் வந்த இஎஸ்ஐ சட்டம் அந்தச் சுமையைப் பொது நிதிக்கு மாற்றியது. இஎஸ்ஐ-க்குள் வராதவர்களுக்கு 1961 மகப்பேறு நலச் சட்டம் வந்தது. விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலைநீக்கம் செய்யக் கூடாது என்றது அது. 2017 திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பை 26 வாரமாக்கி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை தொடர்கின்றன.

அப்படியானால் நம் பெண்கள் ஏன் வெளியே நிற்கிறார்கள்? களப்பணியில் நான் சந்திக்கும் தலித், இருளர் பெண்கள் பலர் கம்பெனிகளில் துப்புரவு, கேன்டீன், பேக்கிங் வேலையில் இருக்கிறார்கள். எல்லாம் கான்ட்ராக்ட். வயிறு தெரியும் மாதத்தில் "நாளையிலிருந்து வராதே" என்றால் போதும், ஆவணத்தில் அவர் "தானாக நின்றவர்". சாதி அவரை எந்த வேலையில் வைத்ததோ, அந்த வேலையில்தான் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை.

டெல்லி மாநகராட்சியில் சாலைப் பணி செய்த தினக்கூலிப் பெண்களுக்கும் இதே கதிதான். நிரந்தரப் பணியாளருக்கு மட்டுமே விடுப்பு என்றது நிர்வாகம். சங்கம் வழக்காடியது. தினக்கூலிக்கும் பேறுகால உரிமை உண்டு என்று 2000இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தோழர்களே, உங்கள் ஊரில் வேலைக்குப் போகும் அக்காக்களிடம் கேளுங்கள்: இஎஸ்ஐ எண் இருக்கிறதா? சம்பளச் சீட்டு தருகிறார்களா? சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். இஎஸ்ஐ-யில் 70 நாள் சந்தா. அந்த நாட்களுக்கான சான்றைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.