பெயரை வெட்டிய பிறகு வந்த போராட்டம்

பதுளை வெவெஸ்ஸ தோட்டத்தில் 1940 இல் நடந்த வேலைநிறுத்தம் நம்மில் பலருக்குத் தெரியாது. தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். துரை அவர்களோடு கலந்து பேசித்தான் தோட்டத்தை நடத்த வேண்டியிருந்தது. அடக்க வந்த ஆயுதப் பொலிசிடமிருந்து ஆயுதத்தையே பறித்துவிட்டார்கள்! பிறகு வெள்ளம் ஊவாவைத் துண்டித்தது, பொலிஸ் அடித்து நொறுக்கியது.

அப்படிப்பட்ட பதுளைதான் 1947 இல் இலங்கை இந்திய காங்கிரசின் எஸ்.எம். சுப்பையாவைப் பாராளுமன்றம் அனுப்பியது. அடுத்த வருசமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. காங்கிரஸ் எதிர்த்துப் பேசியது, எதிர்த்து வாக்களித்தது. இடதுசாரிகளும்தான். சட்டம் நிறைவேறியது. 1949 இல் வாக்குரிமையும் போனது. கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கியதோ 1952 ஏப்ரலில், வாக்காளர் பட்டியலில் பெயர்களை வெட்டிய பிறகு. மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அந்த வருசத் தேர்தலில் காங்கிரசுக்கு ஒரு ஆசனமும் இல்லை.

சபைக்குள்ள ஏழு பேரால் என்ன செய்ய முடியும் என்பீர்கள். சரி. ஆனா வெளியே கொழுந்து பறிக்கிற ஜனம் இருந்ததே! அந்தப் பலத்தோடு 1948 இலேயே ஏன் இறங்கவில்லை?

இன்று எதிர்க்கட்சி வரிசையில் இருக்கிற மலையகக் கட்சிகளிடமும் இதையே கேட்கிறோம். லயத்து ஜனத்துக்குக் காணி உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. பாராளுமன்றத்தில் பேசின வீடியோவைப் போட்டுவிட்டு அடுத்த அமர்வு வரைக்கும் காத்திருக்காதீங்க. லயத்துக்கு வாங்க. பட்ஜெட்டுக்குப் பிறகு இல்லை, அதுக்கு முன்னாடியே.