ஒரு தீப்பெட்டியும் காலியான பெஞ்சும்



நேற்று பேத்தி ஒரு தீப்பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, எந்தப் பெட்டியை எடுத்தாலும் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டின்னே இருக்கே, ஏன்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நூறு வருடத்துக்கு முன் நம் நாட்டுக்குத் தீப்பெட்டி ஜப்பானிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் வந்தது. 1922-ல் வெள்ளைக்கார அரசு வருமானத்துக்காக இறக்குமதி வரியை உயர்த்தியது. வெளிநாட்டுப் பெட்டி விலை ஏறியது. உள்ளூர்க்காரனுக்கு வழி பிறந்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று, 1923-ல் ஊர் திரும்பித் தீப்பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள்.

அதே 1923-ல் ஸ்வீடன் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. வரி கட்டுவதைவிட இங்கேயே தொழிற்சாலை வைப்பது லாபம் என்று விம்கோவைத் தொடங்கியது. அவர்களிடம் பெரிய இயந்திரம், பெரிய முதல். நம்மவர்களிடம் மழை இல்லாத வானம், வேலை தேடும் கைகள். குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது என்று வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து வீடுகளுக்கே கொடுத்தார்கள். இதுவும் ஒரு கண்டுபிடிப்புதான். பெட்டிக்கு லேபிள் வேண்டுமே என்று அச்சகம் வந்தது. மருந்து கலக்கத் தெரிந்த கை பட்டாசுக்குப் போனது. சுதந்திரத்துக்குப் பின் கையால் செய்பவர்களுக்கு அரசு வரியைக் குறைத்தது. கரிசல் காட்டில் ஒரு தொழில் நகரமே எழுந்தது.

இதுவரை பாடப்புத்தகம். இனி நான் பார்த்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த கிராமத்தில் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்துவிடும். மூன்றாம் வகுப்பில் பதிவேட்டில் நாற்பது பேர். பெஞ்சில் இருபத்தைந்து பேர். மீதிப் பேர் குச்சி அடுக்கப் போயிருப்பார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டால், "அது கொண்டுவர்ற காசுலதான் சார் அரிசி வாங்குறோம்" என்பார்கள். எனக்குப் பதில் தெரியாது. 1986-ல் சட்டம் வந்தது. ஆனால் குடும்பத்தோடு வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கு இருந்தது. சத்துணவும், அம்மாக்களின் வைராக்கியமும்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பெஞ்சை நிரப்பின.

போட்டி நல்லதுதான். 2007 முதல் 2021 வரை ஒரு பெட்டி ஒரே ரூபாய்க்குக் கிடைத்தது அதனால்தான். இன்று இயந்திரங்கள் வந்துவிட்டன. எதிரி இப்போது பிளாஸ்டிக் லைட்டர். 2023-ல் இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை அரசு தடை செய்தது. 1922 மறுபடி வந்தது போல் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஒரு பொருள் மலிவாகக் கிடைத்தால், அது அறிவால் மலிவானதா, யாரோ ஒரு பிள்ளையின் படிப்பால் மலிவானதா என்று கேளுங்கள். இதைப் படிப்பவர்களில் சிலர் அன்று குச்சி அடுக்கிவிட்டு மதியம் வகுப்புக்கு ஓடி வந்தவர்கள். உங்கள் பிள்ளைகள் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வளர்ச்சி அதுதான்.

உங்கள் நினைவுகளையும் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.