பீப்பாய்கள் மீது வழக்கு: அமெரிக்க உணவுச் சட்டத்தில் லேபிளும் உண்மையும் (1906–2016)

'அமெரிக்க அரசு எதிர் 95 பீப்பாய்கள்', 'அமெரிக்க அரசு எதிர் 40 பீப்பாய், 20 கெக் கோக-கோலா'. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இத்தகைய தலைப்புகள் உண்டு. 1906 ஜூன் 30 அன்று கையெழுத்தான தூய உணவு, மருந்துச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, மாநில எல்லை தாண்டி வந்த கலப்படச் சரக்கின் மீதே வழக்குத் தொடர அரசுக்கு அதிகாரம் தந்தது. சரக்கு பிரதிவாதியாகிவிடும்; அதைக் காப்பாற்ற விரும்பினால் உரிமையாளர் முன்வந்து வாதாட வேண்டும். தயாரித்தவர் யார் என்று தேடுவதற்குள் சரக்கு விற்றுத் தீர்ந்துவிடும் என்ற கவலைக்கு இது நல்ல விடை. சட்டத்துக்காக நெடுங்காலம் போராடிய வேதியியலாளர் ஹார்வி வைலி, வேளாண் துறையின் வேதியியல் பிரிவுத் தலைவராக அதை நடைமுறைப்படுத்தினார்.

சட்டம் இரண்டு குற்றங்களைப் பிரித்தது. ஒன்று கலப்படம், மற்றொன்று தவறான லேபிள். கலப்படத்தை ஆய்வகம் காட்டிக்கொடுக்கும். சொல்லால் செய்யும் ஏமாற்றை எதைக் கொண்டு அளப்பது? அடுத்த நூறாண்டு வழக்குகளில் உண்மையில் திணறலாக இருந்தது இந்தக் கேள்விதான் என்பது என் கருத்து.

அதற்கு மிகத் தெளிவான விடை 1924இல் வினிகர் வழக்கில் கிடைத்தது. டக்ளஸ் பேக்கிங் நிறுவனம் உலர்த்திய ஆப்பிளில் தண்ணீர் சேர்த்து, அந்தச் சாற்றைப் புளிக்க வைத்து வினிகர் செய்தது. லேபிளிலோ, 'தேர்ந்தெடுத்த ஆப்பிள்களிலிருந்து செய்த ஆப்பிள் சைடர் வினிகர்' என்ற பொருளில் எழுதியிருந்தது. ஆப்பிள்தான், பொய்யில்லை என்பது நிறுவனத்தின் வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சைடர் என்றால் புது ஆப்பிளைப் பிழிந்த சாறு என்றே வாங்குபவர் எண்ணுவார். தனித்தனியே பார்த்தால் உண்மையாக இருக்கும் சொற்களும் சேர்ந்து ஏமாற்றக்கூடும். ஏமாற்றும் நோக்கம் இல்லாவிட்டாலும், பொருள் உடலுக்குக் கேடு செய்யாவிட்டாலும் குற்றம் குற்றமே. இத்தனை கறாரான நுகர்வோர் பாதுகாப்பு அந்தக் காலத்தில் அரிது.

ஆனால் சட்டத்திலேயே ஒரு சந்து இருந்தது. பொருளுக்குத் தனிப்பெயர் சூட்டிவிட்டால், நச்சு கலக்காதவரை அது தப்பித்துக்கொள்ளலாம். ஜாம் போலவே தோன்றி, ஜாமுக்குரிய பழ அளவு இல்லாத 'பிரெட் ஸ்ப்ரெட்' 1931இல் இப்படித்தான் அரசை வென்றது. உணவு, மருந்து நிர்வாகம் 1933இல் நடத்திய கண்காட்சி, இத்தகைய பொருள்களை மக்கள் முன் வைத்து, பழைய சட்டத்தின் கையாலாகாமையை விளக்கியது. 1937இல் சல்ஃபானிலமைடு திரவ மருந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த பிறகே நாடாளுமன்றம் அசைந்தது. 1938இன் புதிய சட்டம் அந்தச் சந்தை அடைத்தது. உணவுக்கு அடையாள நியமங்கள் வகுக்கும் அதிகாரத்தையும் அளித்தது. உணவுக்கான சீர்திருத்தம் மருந்தினால் நேர்ந்த மரணங்களுக்காகக் காத்திருக்க நேர்ந்தது வேதனைக்குரியது.

நியமம் வந்ததும் சிக்கல் இடம் மாறியது. ஜாமில் 45 பங்கு பழத்துக்கு 55 பங்கு சர்க்கரை என்பது விதி. 25 சதவீதம் மட்டுமே பழம் இருந்த ஒரு சரக்கு 'போலி ஜாம்' என்று தன் லேபிளிலேயே ஒப்புக்கொண்டு சந்தைக்கு வந்தது. பறிமுதலான 62 பெட்டிகளின் வழக்கில், 1951இல், நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு சரக்கை விடுவித்தது: போலி என்று ஒளிவின்றிச் சொல்லிவிட்டது, சட்டம் அதை அனுமதிக்கிறது. நீதிபதிகள் டக்ளஸும் பிளாக்கும் மறுத்தார்கள். எனக்கும் அவர்கள் பக்கமே நியாயம் தெரிகிறது. லேபிளைப் படிப்பவர் பாட்டிலை வாங்குபவர் மட்டுமே. உணவகத்தில் ரொட்டியோடு ஜாம் கேட்டுத் தட்டில் பெறுபவருக்கு அந்தச் சொல் எட்டாது.

2014இல் வழக்கின் வடிவமும் மாறியது. கோக-கோலாவின் மினிட் மெய்ட் பானம் ஒன்றின் பெயரில் மாதுளையும் புளூபெர்ரியும் முன்னின்றன. உள்ளே மாதுளைச் சாறு 0.3 சதவீதம், புளூபெர்ரி 0.2 சதவீதம், 99 சதவீதத்துக்கு மேல் ஆப்பிளும் திராட்சையும். இம்முறை வழக்காடியது அரசல்ல, போட்டி நிறுவனமான பாம் வொண்டர்ஃபுல். உணவுச் சட்டம் இருப்பதால் வணிகப் போட்டியாளர் வழக்குத் தொடர முடியாது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியது. வழக்கு விசாரணைக்குத் திரும்பியது. 2016இல் லாஸ் ஏஞ்சலிஸ் நடுவர் குழு, அந்த லேபிள் நுகர்வோரை ஏமாற்றவில்லை என்று முடிவு செய்தது.